மகாகம் ஆற்றின் மேல்கோடியில் ஒரு மூட்டை அரிசி

இந்தோனேசியாவின் போர்னியோத் தீவில் ஓடும் மகாகம் ஆற்றின் மேல்கோடிக் கிராமங்களில் கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆறு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, கீழேயிருந்து படகு கிளம்பியதா? இது தெரிந்துவிட்டால் அரிசியும் சர்க்கரையும் பெட்ரோலும் என்ன விலைக்குப் போகும் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். 2025 ஆகஸ்டில் மழை பொய்த்து ஆறு வற்றியபோது, 25 கிலோ அரிசி மூட்டை அங்கே பத்து லட்சம் ரூபியாவைத் தொட்டதாக இந்தோனேசியச் செய்திகளில் வந்தது. நம் கணக்கில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சமாரிந்தா நகரத்தில் அதே மூட்டை அதில் பாதிகூட இல்லை.

அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தது. அந்த ஊர்க்காரர்களைப் பரம ஏழைகள் என்று படம் போட்டுக் காட்டிய சில காணொளிகளையும் பார்த்தேன். அது சரியில்லை. அவர்களுக்கு நிலம் உண்டு, காடு உண்டு, மீன் உண்டு, வேலை தெரிந்த கைகள் உண்டு. அவர்களைப் பிடித்து ஆட்டுவது ஆற்றில் எதிர்த்துப் போவதற்கு ஆகும் செலவு.

நான் சில ஆண்டுகள் சமாரிந்தாவில் நிலக்கரித் தரப் பரிசோதனை வேலையில் இருந்தேன். தோங்காங் என்று சொல்லும் தட்டைப் படகுகளில் ஏறி மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவது வேலை. 300 அடி நீளமுள்ள ஒரு தோங்காங்கில் ஏழாயிரம் டன்னுக்கு மேல் ஏற்றுவார்கள். இழுவைப்படகு முன்னால் இழுக்க, நகரத்தின் நடுவே இருக்கும் பாலத்துக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாக இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும். கடலில் நிற்கும் பெரிய கப்பலுக்கு அந்த நிலக்கரி மாறும். அந்தக் கப்பல்களில் பல இந்தியாவுக்கு வரும். தூத்துக்குடிக்கும் எண்ணூருக்கும் இந்தோனேசிய நிலக்கரி வருவதை நாம் செய்தியாகப் படிக்கிறோம். என் வீட்டு மின்விசிறி சுற்றுவதில் அந்த ஆற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இது எனக்கு அங்கே வேலை பார்த்தபோதுதான் உறைத்தது.

ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்தவர், போர்னியோவின் பழங்குடிகளில் ஒன்றான பஹாவ் தயாக் இனத்து இளைஞர். சொந்த ஊர் ஆற்றின் மேல்கோடியில், லோங் பஹாங்காய் வட்டாரத்தில். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் போயிருக்கிறேன்.

மகாகம் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஆறு. போர்னியோத் தீவின் நடுவே மலைகளில் பிறந்து கிழக்கே மக்காசர் நீரிணையில் கலக்கிறது. சமாரிந்தாவில் சுங்கை குஞ்சாங் படகுத்துறையிலிருந்து இரண்டடுக்கு மரக்கப்பல்கள் மேல்நோக்கிக் கிளம்பும். டாக்ஸிக் கப்பல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கீழ்த்தளத்தில் பாய் விரித்துப் படுப்பவர்கள், மேல்தளத்தில் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து மெத்தையில் படுப்பவர்கள், கூரைமேல் மோட்டார் சைக்கிள்கள். முட்டை, நூடுல்ஸ் பெட்டிகள், சிமெண்ட், பெயின்ட், கோழித்தீவனம், ஒரு முறை ஒரு பள்ளிக்கூடத்துக்கான நாற்காலிகள் முழுவதும். பின்பக்கம் சமையலறை, அதற்கும் பின்னால் கழிப்பறை. வழியில் ஒவ்வொரு மிதவைத் துறையிலும் நின்று நின்று போகும். ஆட்களைவிடச் சாமான்கள்தான் அதிகம் ஏறி இறங்குகின்றன.

வழியில் மூவாரா காமான் என்ற ஊர் வரும். ஏறக்குறைய கி.பி. 400-ஐச் சேர்ந்த யூபம் என்ற வேள்விக் கல்தூண்கள் அங்கேதான் கிடைத்தன. மொத்தம் ஏழு. சமஸ்கிருத மொழி, பல்லவ எழுத்து என்று பொதுவாகச் சொல்லப்படும் தென்னிந்திய வரிவடிவம். மூலவர்மன் என்ற அரசன் அந்தணர்களுக்கு இருபதாயிரம் பசுக்களைத் தானம் கொடுத்ததாக ஒரு தூண் சொல்கிறது. இப்போது அவை ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தமிழனாக அந்த இடத்தைக் கடக்கும்போது மனம் ஒரு துள்ளு துள்ளத்தான் செய்தது. ஆனால் அங்கே எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உட்கார்ந்தவன் கையில்தான் அதிகாரம் என்பது அப்போதே தொடங்கிவிட்டது. பிறகு வந்த கூத்தாய் சுல்தான்களும் அப்படித்தான். மேலேயிருந்து பிரம்பு, அகில், பறவைக்கூடு, மரப்பிசின் இறங்கி வரும், கீழேயிருந்து உப்பும் இரும்பும் பாசிமணியும் துணியும் ஏறிப் போகும், நடுவில் வரி.

அப்புறம் மெலாக், தெரிங், கடைசியாக லோங் பாகுன். சமாரிந்தாவிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆற்றில் தண்ணீர் இருந்தால்தான் கப்பல் அதுவரை போகும். இல்லையென்றால் தெரிங்கிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். லோங் என்று தொடங்கும் ஊர்கள் எல்லாம் ஏதாவது ஒரு கிளையாறு வந்து சேரும் இடத்தில் இருப்பவை. நம் பவானி கூடுதுறை மாதிரி.

லோங் பாகுனுக்கு மேலே ஆறு வேறு ஆறாகிவிடுகிறது. மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, ரியாம் உடாங், ரியாம் பாஞ்சாங் என்று பெயர் பெற்ற பாறைச்சரிவுகள் தொடங்குகின்றன. மரக்கப்பல் இங்கே ஏறாது. குறுகலான நீளப்படகிலோ, பெரிய எஞ்சின் பூட்டிய ஸ்பீட்போட்டிலோதான் போக வேண்டும். ஓட்டுபவரை மோத்தோரிஸ் என்கிறார்கள். அவருக்கு முன்னால், படகின் மூக்கில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் பெயர் ஜூரு பாத்து. பாறையையும் மிதந்து வரும் மரத்தையும் பார்த்துக் கையசைத்துச் சொல்வது அவர் வேலை. எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. முழுக்க அந்தக் கைதான். தண்ணீர் குறைந்தால் பாறை அடியைக் கிழிக்கும். தண்ணீர் கூடினால் சுழல் கவிழ்க்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மட்டம் இருக்கிறது, அந்த மட்டத்தில்தான் படகு போகலாம். மோசமான இடங்களில் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். நாங்கள் பாறைமேல் நடந்து போக, காலிப் படகை மோத்தோரிஸ் ஏற்றிக்கொண்டு வருவார். இந்தச் சரிவுகளில் உயிர் போன கதை இல்லாத குடும்பத்தை அங்கே பார்ப்பது கஷ்டம். மோத்தோரிஸுக்கு ஊரில் இருக்கும் மரியாதைக்குக் காரணமும் அதுதான்.

அந்த எஞ்சின்கள் பெட்ரோலைக் குடிக்கின்றன. விலைவாசியின் சூட்சுமம் முழுக்க இங்கே இருக்கிறது. ஜெரிக்கனில் அடைத்த பெட்ரோலை மேலே கொண்டுபோகவே பெட்ரோல் செலவாகிறது. சாதாரண பெட்ரோலுக்கு அரசு விலை லிட்டருக்கு 6,450 ரூபியாவாக இருந்த காலத்தில், மேலே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்துத்தான் வாங்கினார்கள். 2016-ல் நாடு முழுக்க எரிபொருளுக்கு ஒரே விலை என்று அரசு அறிவித்து, தொலைதூர வட்டாரங்களில் விற்பனை நிலையங்கள் திறக்க ஆரம்பித்தது. நல்ல திட்டம், பலன் இருந்தது. ஆனால் அங்கே கையிருப்பு தீர்ந்துவிட்டால் மீண்டும் தெருவோரத்துப் பாட்டில் விலைதான். அந்த நிலையத்துக்குப் போகும் எரிபொருளும் இதே ஆற்றில்தானே ஏறி வர வேண்டும்.

கீழே போவதெல்லாம் நீரோட்டத்தோடு போகிறது. மேலே வருவதெல்லாம் காசைக் கொட்டித்தான் வருகிறது. 1960-களின் கடைசியில் இந்த ஆற்றில் மரம் வெட்டிய காலத்தை முதியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். கோடாரியால் வெட்டிக் கரையில் அடுக்கி வைத்து, வெள்ளம் வரும்போது அப்படியே உருட்டிவிடுவார்களாம். கட்டைகள் தானாக சமாரிந்தா போய்ச் சேர்ந்துவிடும். பிறகு பெரிய நிறுவனங்களுக்கு உரிமம் போனது, இயந்திர ரம்பம் வந்தது, மலைச்சரிவுகளில் சாலை வந்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து 2005 வரை கெலியான் கிளையாற்றங்கரையில் பெரிய தங்கச் சுரங்கம் ஒன்று நடந்தது. அப்புறம் நிலக்கரி, பாமாயில் எடுக்கும் செம்பனை. மரம், தங்கம், கரி எல்லாம் இறங்கிப் போன அதே வழியில் ஒரு மூட்டை அரிசி ஏற முடியாமல் நிற்பதுதான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது.

ஊருக்கு வருகிறேன். கரையில் ஒரு மிதவை, அதிலிருந்து செங்குத்தான மரப்படிகள். மேலே ஆற்றுக்கு இணையாக ஒரே தெரு, இரண்டு பக்கமும் தூண்மேல் நிற்கும் மரவீடுகள், கொடியில் துணி, வாசலில் நாய்கள், ஒரு தேவாலயம். கப்புச்சின் துறவிகள் 1907-ல் லாஹாம் என்ற ஊரில் கத்தோலிக்க மிஷனைத் தொடங்கினார்கள். இன்று மேல் மகாகமில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். லாமின் என்ற நீளவீடு இப்போது பொதுக்கூடமாக மட்டும் இருக்கிறது. நண்பரின் பாட்டிக்குத் தோள்வரை தொங்கும் காதுமடல், கையில் கறுத்துப்போன பச்சை. நம் ஊர்ப் பாம்படம் போட்ட பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த முகம் அந்நியமாகத் தெரியவில்லை.

வீடுகளிலிருந்து தள்ளி, ஊரின் ஓரத்தில் நெற்குதிர்கள் தனியாக நிற்கும். வீட்டில் தீப்பிடித்தாலும் நெல் தப்ப வேண்டும் என்பதற்காக. பூட்டு போட்டதை நான் பார்க்கவில்லை.

அந்த நெல் லாடாங் என்ற மலைக்காட்டு விவசாயத்தில் வருவது. சிறுமரங்களையும் புதரையும் வெட்டி, பெரிய மரங்களைச் சாய்த்து, காயவிட்டு, ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கில் எரிப்பார்கள். சாம்பல்தான் உரம். பிறகு ஆண்கள் வரிசையாக நடந்து கூர்க்கழியால் குழி போட, பெண்கள் பின்னால் வந்து விதை இடுவார்கள். ஒருவர் நிலத்தில் இன்று எல்லோரும், நாளை அடுத்தவர் நிலத்தில் எல்லோரும். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. அறுவடை பிப்ரவரி மார்ச்சில். ஒன்றிரண்டு பட்டம் விளைந்ததும் அந்த நிலத்தைப் பல ஆண்டுகள் காடாக விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போவார்கள். விதைப்பு முடிந்ததும் ஹுடோக் ஆட்டம். வாழையிலையை உடம்பு முழுக்கச் சுற்றி, பெரிய கண்ணும் பல்லும் கொண்ட மரமுகமூடியோடு காலைத் தரையில் அறைந்து ஆடுவார்கள். பயிருக்கு எலியும் பன்றியும் பூச்சியும் வராமல் காக்க வரும் ஆவிகள் அவை. கையைப் பிடித்து என்னையும் வளையத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

புது நெல் சோறு, ஜெலாவாட் மீன் குழம்பு, இடித்து வேகவைத்த மரவள்ளி இலை. இதை அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவர்களை வறியவர்கள் என்று எழுத மாட்டான். அப்படியென்றால் ஏன் கடை அரிசி? நண்பரின் அம்மா எனக்குப் பொறுமையாகச் சொன்னார். வீட்டில் இளவட்டம் எல்லாம் படிக்கவும் சம்பளத்துக்கும் வெளியே போய்விட்டது; காட்டைச் சாய்க்க ஆள் இல்லை. வெள்ளம் வந்தால் கரையோர லாடாங் போய்விடுகிறது. மழை தவறினால் கதிர் பதராகிறது. மாசிவரை குதிர் தாங்காத ஆண்டில் கடையைத்தான் நம்ப வேண்டும். கறிக்கு முன்பு காட்டுப்பன்றி இருந்தது; 2021-ல் போர்னியோவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பிறகு அதுவும் அரிதாகிவிட்டது.

எரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 காட்டுத்தீப் புகைமூட்டத்துக்குப் பிறகு தீ வைத்தால் கைது என்ற பயம் ஊர்களில் இருக்கிறது. 2009-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்ட விளக்கத்திலேயே, உள்ளூர் ரக நெல்லுக்காக ஒரு குடும்பம் இரண்டு ஹெக்டேர்வரை, சுற்றிலும் தீத்தடுப்பு வெட்டி எரிக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் கோடையில் எந்த அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்ற அச்சத்தில் சிலர் எரிப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டால் மழை பிடித்துக்கொள்ளும், நிலம் சரியாக எரியாது, விளைச்சல் குறையும். பல லட்சம் ஹெக்டேர் காடு எரிந்ததற்குத் தலைமுறை தலைமுறையாகக் காற்றைப் பார்த்துத் தீ வைக்கிற குடியானவனைக் கைகாட்டுவது அநியாயம்.

ஆறு இறங்கினால் ஒரு கஷ்டம் என்றால் ஏறினால் இன்னொன்று. 2024 மே மாதம் வந்த வெள்ளம் மாதிரி முதியவர்களும் பார்த்ததில்லை என்றார்கள். இந்த மேல்கோடிப் பகுதியான மகாகம் உலு மாவட்டத்தின் ஐந்து வட்டாரங்களிலும் முப்பதுக்கு மேற்பட்ட கிராமங்கள் நீரில் மூழ்கின. மாவட்டத் தலைநகரான உஜோ பிலாங்கிலும் வீடுகள் கூரைவரை போயின. மேலே காடு இழந்த சரிவுகளிலிருந்து மண்ணும் மரமும் சேர்ந்து இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குள் நின்ற சேற்றை வாரி எடுக்கவே பல நாள் ஆனதாக நண்பர் சொன்னார். அவர் அனுப்பிய படத்தில் அந்தக் குதிர்களில் ஒன்று சாய்ந்து கிடந்தது.

குடிக்க, குளிக்க, துவைக்க, கழிக்க எல்லாவற்றுக்கும் ஆறுதான். மலையோடையிலிருந்து குழாய் இழுத்த ஊர்களில் நிலைமை பரவாயில்லை. மற்ற இடங்களில் ஆற்றுநீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள், வயிற்றுப்போக்கு வந்து போகிறது. மின்சாரம் முன்பு ஜெனரேட்டரில் மாலை சில மணிநேரம். டீசல் தீர்ந்தால் அதுவும் இல்லை. சூரியத் தகடுகள் வந்தபின் கொஞ்சம் மாறியிருக்கிறது. கைப்பேசிச் சிக்னல், செயற்கைக்கோள் இணையம் இதெல்லாம்தான் வேகமாக வந்து சேர்ந்தவை. அவற்றைப் படகில் ஏற்ற வேண்டியதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மருத்துவம்தான் என்னை அதிகம் உறுத்தியது. 1896-97-ல் டச்சு மருத்துவர் நியூவென்ஹவுஸ் மேற்கே கப்புவாஸ் ஆற்றிலிருந்து மலையைத் தாண்டி மகாகம் வழியாக சமாரிந்தாவரை வந்தார். போகும் வழியெல்லாம் மலேரியாவுக்கு கொய்னா கொடுத்து மக்களின் நம்பிக்கையைப் பெற்றார் என்பது வரலாறு. இன்று வட்டாரத்துக்கு ஒரு புஸ்கெஸ்மாஸ், அதாவது சுகாதார நிலையம், இருக்கிறது. செவிலியர்கள் நல்லவர்கள், திறமையானவர்கள். ஆனால் அறுவை சிகிச்சை என்று வந்துவிட்டால் கீழேதான் போக வேண்டும். டாத்தா டாவாயில் ஒரு சின்ன விமான ஓடுதளம் உண்டு. அரசு மானியத்தில் பறக்கும் சிறு விமானத்தில் இடம் கிடைத்து, மேகமும் விலகியிருந்தால் அதில் போகலாம். இல்லையென்றால் அந்தப் பாறைச்சரிவுகள் வழியாகப் படகில். வலி எடுத்த பெண்ணைப் பாறைமேல் இறக்கி நடக்கவைக்க முடியாது. அதனால் பிரசவம் சிக்கலாகலாம் என்று தெரிந்தால் பல வாரங்களுக்கு முன்பே நகரத்துக்கு வந்து உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிவிடுகிறார்கள். மேல்நிலைப் படிப்புக்காகப் பிள்ளைகளும் இதே போல வீட்டைவிட்டுப் போகிறார்கள்.

மகாகம் உலு 2013-ல் தனி மாவட்டமானது. 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. 2020 கணக்கெடுப்பில் மக்கள் ஏறக்குறைய 32,500 பேர். இவ்வளவு கொஞ்சம் பேருக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வியை நான் சமாரிந்தாவிலேயே படித்தவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். அதே மாகாணத்தில் கடற்கரைப் பக்கம் நாட்டின் புதிய தலைநகரம் நுசந்தாரா எழுந்துகொண்டிருக்கிறது. மேலே தெரிங்கிலிருந்து மலேசிய எல்லைவரை சாலை போடும் வேலை பகுதி பகுதியாக நடக்கிறது. மழையில் பல இடங்கள் முழங்கால் சேறு. சாலை வேண்டுமா என்று ஊரில் கேட்டால் வேண்டும் என்பார்கள். நண்பரின் அப்பாவும் வேண்டும் என்றார். சாலையோடு செம்பனைக்காரன் வருவான், அவனுக்கு எவ்வளவு நிலம் கொடுப்பது என்பதைத்தான் ஊர்க்கூட்டத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னார். கீழ்ப்பகுதியில் செம்பனை வந்த ஊர்களில் லாடாங் போட இடம் சுருங்கியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சாலை முடியட்டும், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலைகள் இருக்கின்றன. ஆறு நிறைந்து ஓடும் மாதங்களில் அரிசியும் எரிபொருளும் மருந்தும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கும் கிடங்குகளை ஒவ்வொரு வட்டாரத்திலும் கட்டலாம். எல்லையோர வட்டாரங்களுக்குச் சரக்குப் போக்குவரத்து மானியம் என்ற திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வறட்சி வந்தபிறகு அவசரமாகத் தேடாமல், ஆண்டு முழுக்க, தண்ணீர் இருக்கும்போதே செலவிடலாம். நிலக்கரியிலிருந்து அரசுக்கு வரும் உரிமத் தொகையில் ஒரு சிறு துளி போதும். நெற்குதிர்களைத் தள்ளிக் கட்டி வைத்த மக்களுக்கு இந்த யோசனையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஊர்த்தலைவர்கள் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் நண்பரிடம் பேசினேன். தங்கைக்குப் பிரசவத் தேதி ஆகஸ்டில் வருகிறதாம். அந்த மாதத்தில் ஆற்றை நம்ப முடியாது என்று ஜூனிலேயே அவளைக் கீழே கூட்டிவரப் போகிறார். சமாரிந்தாவில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு அறை தேடிக்கொண்டிருக்கிறார். வாடகை, அம்மாவும் கூட வந்தால் லாடாங்கை யார் பார்ப்பது, மூத்த குழந்தையைப் பள்ளிக்கு எங்கே அனுப்புவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டுக்காரர்களின் எண்ணை அனுப்பியிருக்கிறேன்.